டிவிக்குப் பின்னால் இருந்த வயர்

லேப்டாப்பின் திரை கறுத்துப் போன மதியத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் காலை, தேனியில் ஒரு கணக்கு அலுவலகம் எனக்கு ஆன்லைனில் தேர்வு வைக்கிறது. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. ஏலக்காட்டில் குனிந்து காய் பறிக்க வேண்டாம். தங்கை வீட்டில் சும்மா கிடந்த மானிட்டரைத் தூக்கி வந்தேன். அதன் வயரில் இருந்த நீலத் தலை என் லேப்டாப்பின் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை.

"மாதிரி காட்டி வாங்கியாறேன்" என்று என் வீட்டுக்காரர் குமுளிக்குக் கிளம்பினார். காட்டில் ஹோஸ் பழுதானால் ஒரு துண்டை அறுத்துக் கடைக்குக் கொண்டுபோவது எங்கள் ஆனைக்கரைப் பக்கத்து வழக்கம். இந்த மனுஷன் வயரையும் அறுத்து, நீலத் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். போனில் ஒரு போட்டோ எடுத்தால் ஆகாதா?

லேப்டாப் ஓட்டை எப்படி இருக்கும் என்று கடையிலிருந்து போனில் கேட்டார். தட்டையாக, கீழ் மூலைகள் வெட்டினாற்போல் இருக்கும் என்றேன். புது வயர் வந்தது. இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. படம்தான் வரவில்லை.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். "அக்கா, அது மறுபக்கம் போற வயரு. நீலத் தலையிலேர்ந்து தட்டைக்குத்தான் படம் போகும். ஒங்களுக்கு வேண்டியது வேற. காலைல கடை தொறந்ததும் வாங்க" என்றார்.

"ஹோஸுல தண்ணி எந்தப் பக்கம் விட்டாலும் போகுமே" என்றார் இவர். அது சரிதானே என்று எனக்கும் தோன்றியது. கடை திறப்பதற்குள் தேர்வே தொடங்கிவிடும்.

ஆத்திரத்தில் மானிட்டரைக் குப்புறப் போட்டுத் துடைத்தேன். தூசிக்கு அடியில் இன்னொரு ஓட்டை இருந்தது. தட்டையாக, லேப்டாப்பில் இருப்பது போலவே. இந்தத் தட்டைத் தலையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தேன். டிவிக்கும் அதன் கேபிள் பெட்டிக்கும் நடுவில் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கி மாட்டினேன். திரை பளிச்சென்று வந்தது.

"வந்துருச்சுங்க" என்றேன்.

அவர் அறுத்த நீலத் தலையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப நீ பாஸாயிட்டா, காட்டுக்கு நான் மட்டுந்தான் போவணுமா?"

கல்யாணமான நாளிலிருந்து ஒரே தூக்குவாளியில் சோறு கொண்டுபோனவர்கள் நாங்கள். வயரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவேயில்லை. வந்த படத்தை நானே அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.