சுவர்வரை போன பலகை

ஆஸ்பத்திரித் தரையின் புதுப் பெயின்ட் வாசனையில், அப்பா வாட்ச்மேனாக இருந்த ஒரகடம் ஃபேக்டரி ஷெட் இன்று நினைவில் திரும்பி வந்தது. மெஷின்கள் இன்னும் வந்து இறங்காத அந்த ஞாயிறுகளில், புதுப் பெயின்ட் அடித்த வழவழத் தரையில் நானும் அக்காவும் ஆளுக்கொரு சக்கரப் பலகையில் எதிரெதிரே உட்கார்ந்து, உள்ளங்கைகளைச் சேர்த்துத் தள்ளிக்கொள்வோம்; கடகடவென்று உருண்டு, குண்டான அவள் பாதி வழியில் நின்றுவிடுவாள், ஒல்லியான நான் சுவர்வரை போவேன்.

"நான்தான் உன்னத் தள்ளிவுட்டேன், நீ தோத்துட்டே" என்பாள்.

ஒன்பதாம் வகுப்பில், இருவர்மீதும் விசை ஒன்றுதான், நிறை குறைந்தவரே வேகமாகப் போவார் என்று படித்ததும், அவளையும் இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். தரை முழுக்க மெஷின்களை போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

இன்று போனில் சொன்னேன்: "ரெண்டு பேருக்கும் ஒரே ஃபோர்ஸுதான்க்கா."

"அப்போ செவுத்துல போய் முட்டிக்கினது யாருடி?" என்றாள்.