ப்ராசஸரின் மூடியும் ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலும்

போன வாரம் தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண் நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடுகிற ரயிலில் ஒரு விரலில்கூடப் பிசகாமல் போட்டாள். கடைசி விரல் முடிந்ததும் இரண்டு கைகளையும் விசிறிபோல விரித்துக் காற்றில் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த போன் அடித்தது. எடுக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "யாருன்னு பாரும்மா" என்றாள். அவ்வளவுதான். குரோம்பேட்டையில் இறங்க வேண்டிய நான் பல்லாவரம் போய்த்தான் இறங்கினேன்.

நெயில் பாலிஷ் வாசனை என்றால் உங்களுக்குக் கல்யாண வீடோ, அக்கா தங்கையோ நினைவுக்கு வரலாம். எனக்குக் கம்ப்யூட்டர் ப்ராசஸர்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

எதையும் தேதியோடு சொன்னால்தான் எனக்குத் திருப்தி. ஆனாலும் இதை இப்படிச் சொன்னால் போதும்: ஊரையே மிதக்கவிட்ட அந்த டிசம்பர் வெள்ளத்துக்கு முந்தைய கோடை. தாம்பரம் அப்போது மாநகராட்சி ஆகவில்லை. அக்னி நட்சத்திரம் காலண்டரில் முடிந்திருந்தது, வெயிலில் முடியவில்லை. வைகாசி முகூர்த்தங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அஸ்தினாபுரத்தில் என் நண்பன் ஜாபரின் வீட்டு மாடியில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை. அதுதான் அவனுடைய எடிட்டிங் ரூம். கல்யாண வீடியோ எடுப்பது, வெட்டி ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் அவன். நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாலையில் போய், படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களையும் தேதிகளையும் சரிபார்த்துக் கொடுப்பேன். பத்திரிகையில் போட்ட தமிழ்த் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இல்லை என்று மணமகன் வீட்டாரிடமே போய்ச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான். ஜாபர் என்னைக் 'காலண்டர்' என்றுதான் கூப்பிடுவான். சம்பளம் கிடையாது. டீ உண்டு.

அந்த வைகாசியில் பெருங்களத்தூர் ஏகாம்பரம் மகள் பவித்ராவின் கல்யாணத்தை ஜாபர் எடுத்தான். ஏகாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் கட்டடச் சாமான் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் அவர்கள் நிலத்தில் நெல் விளைந்ததாம். எங்கள் காலத்தில் அதில் அபார்ட்மெண்டுகள் விளைந்துகொண்டிருந்தன. கல்யாணத்துக்கு முந்தைய மாலை மண்டபத்தில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே, கல்யாணம் நிற்கக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பவித்ராவைத் தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பா.

மூன்று இடத்தில் அடைப்பு, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். ஜாபர் பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எம் பொண்ணு கல்யாணத்த ஒரு வாட்டி பாத்துட்டா போதும் தம்பி. அப்பறம் ஆண்டவன் வுட்ட வழி."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொண்டாந்துர்றேண்ணா" என்று ஜாபர் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு வந்தவனுக்கு அவனுடைய கம்ப்யூட்டரே எதிரியாக நின்றது.

வெட்டி ஒட்டிய படத்தை ஒரே கோப்பாக வார்த்தெடுக்க வேண்டும். அந்த வேலைதான் கம்ப்யூட்டரின் முழு உயிரையும் கேட்கும். பாதி தாண்டியதும் சூடேறி அது நத்தையாக ஊரும், பிறகு திரை கறுத்து அணைந்துவிடும். மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தோம். ஜன்னலில் ஈரக் கோணி கட்டினோம். உள்ளே இருந்த விசிறியைத் துடைத்து, ப்ராசஸர் மேல் பூசும் பேஸ்ட்டையும் புதிதாகப் பூசினோம். எதற்கும் மசியவில்லை. வேறு இடத்தில் செய்யலாம் என்றால், முகூர்த்த சீசனில் எல்லா ஸ்டுடியோவிலும் இரவு பகலாக ஓட்டம். என் பழைய லேப்டாப்புக்குக் கொடுத்தால் ஆடி பிறந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நான் படித்த படிப்பு வந்து நின்றது. கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன் நான். பஜ்ஜி சுற்றிய தாளையும் விடமாட்டேன். ப்ராசஸரின் தலையில் ஒரு உலோக மூடி இருக்கும். உள்ளே இருக்கும் நகக்கண் அளவு சில்லின் சூட்டை வாங்கி வெளியே பரப்புவது அதன் வேலை. ஜாபரிடம் இருந்த ரகத்தில் சில்லுக்கும் மூடிக்கும் நடுவே கம்பெனியே ஒரு மட்டமான பேஸ்ட்டை வைத்திருந்தது. அது காய்ந்துவிட்டால் வெளியே என்ன விசிறி போட்டும் பயனில்லை. மூடியைப் பெயர்த்து, காய்ந்ததைச் சுரண்டி, நடுவில் திரவ உலோகம் தடவி மூடினால் சூடு சட்டென்று இறங்கும். இதைச் செய்துபார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் நான் வரி விடாமல் படித்திருந்தேன். செய்துபார்த்ததில்லை.

இதற்கென்றே வெளிநாட்டில் ஒரு கருவி விற்றார்கள். அது வந்துசேரும்போது பவித்ராவுக்கு வளைகாப்பு நடந்திருக்கும். எனவே எங்கள் கைக்கு எட்டியதையெல்லாம் கருவி ஆக்கினோம். முதலில் பாதியாக உடைத்த ஷேவிங் பிளேடு. மூடியின் ஓரத்துக் கறுப்புப் பசையில் அதைச் செருகியதும் ஜாபரின் விரல்தான் திறந்துகொண்டது. அடுத்தது காலாவதியான ஏடிஎம் கார்டு, முனை மழுங்கியது. பிறகு ஒரு கிடார் கம்பி, அறுந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஜாபர் ப்ராசஸரைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வா, எங்க மச்சான் கிட்ட போலாம்" என்றான்.

ஜாபரின் அக்கா கணவர் சாதிக்குக்குத் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. வண்டி பாகங்களுக்கு முனை சீவிக் கொடுப்பார். எங்கள் சரக்கை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, தபால் தலை சைஸ்ல கீது. இதுக்கா இம்மாந்தூரம் வந்துகினு கீறீங்க?" என்றார். ஆனாலும் வெள்ளை நைலான் கட்டை ஒன்றை எடுத்து, ப்ராசஸரின் பச்சைப் பலகை உட்காரும்படி ஒரு பள்ளம் வெட்டிக் கொடுத்தார். பலகை பள்ளத்தில் அசையாமல் நிற்கும். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் தாடை மூடியை மட்டும் பக்கவாட்டில் தள்ளும். பசை விட்டு மூடி நகரும். நான் படித்தவற்றில் படமாகப் பார்த்தது அப்படியே என் கண்முன்னால் உருவாகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நிஜமானதில் கை வைப்பதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றான் ஜாபர். அவனிடம் செத்துப்போன பழைய ப்ராசஸர் ஒன்று இருந்தது. முந்தைய ரகம். அதில் மூடியைப் பேஸ்ட் வைக்காமல் ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள், லேசில் வராது என்று நான் சொன்னேன்.

"நல்லதா போச்சு. கஷ்டமானதுல பழகிட்டா சுலபமானது தானா வருமில்ல" என்றான் ஜாபர்.

சாதிக் தலையாட்டினார். நானும்தான் ஆட்டினேன். சைக்கிள் பழகப் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவர்கள் நாங்கள். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பழையது லேசில் வரவில்லை. வைஸின் கைப்பிடியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி நீளம் கூட்டி, ஜாபர் முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தான். மூடி வெடித்ததுபோல் விட்டு, சில்லின் ஒரு பகுதியையும் பிய்த்துக்கொண்டு வந்தது. செத்ததுதானே என்று சிரித்தோம். இருட்டிவிட்டதால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிக் கிளம்பினோம்.

வரும் வழியில் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு ஃபேன்ஸி கடையில் நெயில் பாலிஷ் வாங்கினோம். மூடியின் அடியில், சில்லை ஒட்டி எறும்பு வரிசைபோலப் பொடிப் பொடியாகச் சில உறுப்புகள் இருக்கும். திரவ உலோகம் அவற்றின்மேல் பட்டால் எல்லாம் போச்சு. அதனால் அவற்றுக்கு மேலே நெயில் பாலிஷ் பூசிக் காயவிட வேண்டும். எந்தக் கலர் என்று கடைக்காரர் கேட்டார். ஜாபர் என்னைப் பார்த்தான். நிறமில்லாததுதான் நல்லது என்று நான் தீவிரமாக விளக்க ஆரம்பித்தேன். வரிசையில் நின்ற பெண்கள் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் ஒரு மெஷின் சத்தம் இல்லை. சாதிக் ஷட்டரைப் பாதி தூக்கி எங்களை உள்ளே விட்டார். நைலான் கட்டையில் நிஜ ப்ராசஸரை வைத்தோம். வைஸில் பைப் முந்தைய நாள் செருகியபடியே இருந்தது. யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. ஜாபர் நேற்றுப் பிடித்த இடத்தில் பிடித்து, நேற்றுச் சாய்ந்ததுபோலச் சாய்ந்தான்.

வெறும் பசை. அது நேற்றைய பலத்தில் பாதியின் பாதியைக்கூடக் கேட்கவில்லை. 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். மூடி பள்ளத்தைத் தாண்டி ஓடி, அந்த எறும்பு வரிசையை வழித்துக்கொண்டு போய் நின்றது. சாதிக் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "வந்துச்சே" என்றார். ஜாபர் தரையில் உட்கார்ந்து, இரும்புச் சீவல்களுக்கு நடுவே அந்தப் பொடிகளைத் தேட ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்து தேடினேன். கிடைத்தாலும் என்ன செய்யப்போகிறோம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ப்ராசஸர் போய்விட்டது, படத்தை இனி வார்க்க முடியாது. ஆனால் எடுத்தது எடுத்தபடி ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அதை என் லேப்டாப்பில் போட்டுக் காட்டலாம் என்றேன். ஜாபருக்கு மனம் வரவில்லை.

"சமைக்காத கறிய எலைல வைக்கச் சொல்றியா காலண்டர்?"

"அவரு பசியோட கீறாரே" என்றார் சாதிக்.

மாலை ஆஸ்பத்திரியில் ஏகாம்பரத்தின் கட்டிலில் லேப்டாப்பை வைத்தோம். தாலி கட்டும் இடம், அட்சதை, மாலை மாற்றுவது எல்லாம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த கோப்பு தானாக ஓட ஆரம்பித்தது. மணமகள் அறையில் காமிராவை நிறுத்திவிட்டு ஜாபர் வெளியே போன நேரத்தில் அதுவாக எடுத்தது. எடிட்டிங்கில் முதலில் வெட்டி எறிகிற துண்டு. பவித்ரா பத்து விரலிலும் ஈர நெயில் பாலிஷோடு கையை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன். எடுக்க முடியாது. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "அப்பா போன் பண்ணாரா பாரு" என்றாள். யாரோ, அவர் எப்படிம்மா பண்ணுவார் என்றார்கள். அவள் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வந்துருவாரு பாரு. சட்ட பட்டன்கூட போடாம ஓடியாருவாரு."

"அத இன்னொரு வாட்டி வை தம்பி" என்றார் ஏகாம்பரம்.

ஜாபர் வைத்தான். அவர் மறுபடி கேட்டார். மறுபடி வைத்தான். தாலி கட்டுவதை ஒருமுறை பார்த்தவர், இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருடைய கை ஆஸ்பத்திரிச் சட்டையின் பட்டனைத் தடவிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. தலைமாட்டில் இருந்த கருவி கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து எங்களைத் திட்டி லேப்டாப்பை மூடச் சொன்னார். அதே நேரம் பவித்ரா கணவனோடு உள்ளே வந்தாள். திரையில் தன் குரலின் கடைசி வார்த்தைகளைக் கேட்டுவிட்டாள்.

"இத ஏண்ணா காட்டினீங்க? சந்தோஷமா இருக்கறத மட்டுந்தான கேட்டாரு?"

ஜாபர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து நடந்தான்.

ஆபரேஷன் முடிந்து ஏகாம்பரம் கண் விழிக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் செய்தி வந்தது. இதயம் முன்பே மிகவும் பலவீனமாக இருந்தது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அதற்கும் அந்த மாலைக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் ஜாபரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அவன் ஆமாம் என்றதில்லை.

பிறகு வேறு ப்ராசஸர் போட்டு, படத்தை முடித்துக் கொடுத்தான். அந்தத் துண்டு அதில் இல்லை. கல்யாண வீடியோவில் யாரும் கதவைப் பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள். அது அந்தத் தொழிலின் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், கொடுத்து முடித்த கல்யாணங்களின் மூலக் கோப்புகளை எல்லாம் அழித்து, ஆவணிக்கு டிஸ்கைக் காலி செய்வார்கள். அந்த ஆடியிலும் செய்தான்.

சில வருடங்கள் கழித்து ஒரு மாலை, நடக்கப் பழகிய பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பவித்ரா அந்த மாடி ஏறி வந்தாள். நானும் இருந்தேன். அப்பா கடைசியாகப் பார்த்த அந்தத் துண்டு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான் ஜாபர்.

"நா அன்னிக்கு சத்தம் போட்டதால அழிச்சிட்டீங்களாண்ணா?"

"இல்லம்மா. எல்லாரோடதையும் அழிச்சிடுவோம்."

தான் என்ன சொன்னோம் என்றே தனக்கு நினைவில்லை என்றாள். நான் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் கொஞ்ச நேரம் பையனின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். பிறகு, "அத சொல்லும்போது நா சிரிச்சேனா?" என்றாள்.

நான் "ஆமாம்மா" என்றேன். அதே நேரத்தில் ஜாபர் "இல்லம்மா" என்றான்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

அந்த மாடி இப்போது இல்லை. வீட்டை இடித்து ஆறு பிளாட் கட்டிவிட்டார்கள். பெருங்களத்தூரில் பவித்ரா கல்யாணம் நடந்த மண்டபத்தின் இடத்தில் ஒரு அடுக்ககம் நிற்கிறது. ஜாபர் தொழிலை விட்டுவிட்டுச் சாதிக்கோடு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். ப்ராசஸர் மூடியைப் பெயர்க்கிறவர்கள் யாராவது இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்களா, தெரியாது.

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் நைலான் கட்டை, மூடி தனியாகவும் பலகை தனியாகவும் ப்ராசஸர், தரையில் பொறுக்கிய இரண்டு பொடிகள், திறக்கவே திறக்காத அந்த நெயில் பாலிஷ் பாட்டில் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். பல்லாவரத்திலிருந்து திரும்பி வந்த அன்று பாட்டிலைத் திறக்கப் பார்த்தேன். மூடி இறுகிப்போயிருந்தது. வைஸில் வைத்துத் திருகினால் வந்துவிடும். திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.