வாய்க்கால் அடைத்த மாதத்தில் நத்தை தேடியது

என் ஆராய்ச்சி வாழ்க்கைக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று போட்டேன். ஆய்வுநிதி எப்போது கேட்பது, எந்தக் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது, திரும்பி வந்தால் அடுத்து எங்கே அனுப்புவது என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு, நான்கு நிற மையில் எழுதி, பாளையங்கோட்டை வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டினேன். பள்ளி ஆசிரியரான என் கணவர் அதன் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

"ஏளா, சாப்பிடுததுக்கு முன்னால இதுக்கும் ஒரு ஜெபம் பண்ணணுமா?"

அவர் கேலி செய்யலாம். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் எனக்கு அது விளையாட்டாக இல்லை. இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாம் முறை கிடைத்த நிதி; வயல் வாய்க்கால்களில் வாழும் நத்தைகளைப் பற்றிய ஆய்வு. முதலாண்டு முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் ஆண்டு நிதி வராது. மறுபடி விண்ணப்பிக்க வயது வரம்பும் இடம் தராது.

ஆகவே மிகக் கவனமாக நாள் குறித்தேன். வகுப்பு, பருவத் தேர்வு, விடைத்தாள் திருத்தம் எல்லாம் போக மிஞ்சியது மே மாத விடுமுறை. அந்தக் கட்டத்தில் பச்சை மையில் "நத்தை சேகரிப்பு, பதினெட்டு இடங்கள், காலை ஆறு முதல் எட்டு" என்று எழுதினேன்.

முதல் நாள், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சேரன்மகாதேவிப் பக்கம் முதல் இடத்தில் நின்றேன். கையில் வலை, ஆழம் அளக்கும் கோல், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். அடுத்த போகமான கார் சாகுபடிக்கு ஜூனில்தான் திறப்பார்கள். இங்கே பிறந்த யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். "வாய்க்கால் அடைத்தாயிற்று, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது" என்று ஆண்டுதோறும் நாட்குறிப்பில் எழுதுகிறவள் நான். திட்டம் போட்ட அன்று கல்லூரி நாட்காட்டியை மட்டும் பார்த்திருக்கிறேன். ஜூன் வரை காத்திருந்தால் கட்டுரைக்குக் கெடு தவறிவிடும்.

சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்த ஒரு பெண், வயல்வேலைக்குப் போகிறவர், ஏறக்குறைய என் வயது, என் பூட்ஸைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், வெள்ளம் வருதுன்னு ரேடியோவுல சொன்னானா?"

"நத்தை பிடிக்க வந்தேன்."

"வலையிலயா? அது என்ன பறக்கவா செய்யுது?" சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "வாய்க்கா காஞ்சா அது மண்ணுக்குள்ள போயிரும். எங்க வீட்டுல கறிக்கு மம்பட்டிய வச்சுத்தான் எடுப்போம். இங்கன பாருங்க, இந்த வெடிப்பு ஓரத்துல. பைய வெட்டணும், ஓடு நொறுங்கிரும்."

மண்வெட்டி என் பொருள் பட்டியலில் இல்லை. அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்தார். ஒரு சாண் ஆழத்தில் நத்தைகள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. அந்த மாதம் முழுவதும் அவர் கூலிக்கு வெட்டினார். நான் ஆழத்தையும் மண்ணின் ஈரத்தையும் அளந்தேன். தண்ணீருக்காக மண்ணில் காத்திருக்கும் நத்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினேன்.

இதழிலிருந்து மதிப்பீட்டாளர் கருத்து வந்தது. வறண்ட பருவத்தைத் தேர்ந்தெடுத்தது ஆய்வாளரின் தொலைநோக்கைக் காட்டுகிறதாம். அந்தத் தேர்வின் காரணத்தை மட்டும் சேர்த்தால் ஏற்கலாமாம். கணவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"கல்லூரி லீவுன்னு எழுது."

அதைத்தான் எழுதினேன், கொஞ்சம் நாகரிகமாக. மண்ணில் தேடும் வழியைக் காட்டியவர் ஒரு வேளாண் தொழிலாளி என்றும் சேர்த்து, அவர் பெயரை நன்றியில் போட்டேன். கட்டுரை ஏற்கப்பட்டது. நிதியும் வந்தது.

இரண்டாம் ஆண்டுத் திட்டத்தைப் பென்சிலில் எழுதி, மை போடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் எடுத்துப் போய் வாசித்துக் காட்டினேன். ஜூன் மாதக் கட்டத்துக்கு வந்ததும் என்னை நிறுத்தினார்.

"தண்ணி தொறந்த மறுநாளே வராதிய டீச்சர், குப்பையாத்தான் வரும். நாலு நாள் கழிச்சு வாங்க. அப்ப அந்தப் பூட்ஸப் போட்டுக்கிடுங்க."

அழித்து, நான்கு நாள் தள்ளி எழுதினேன்.