நாலு செகண்ட் கணக்கு

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில, பழைய சுடிதாரைப் போட்டுட்டு பேக்கிங்ல டப்பா மூடிட்டிருந்தேன். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சதும் முதலாளி என்னை மாடிக்கு, ஆபீஸுக்கு மாத்தினார். அது ரெண்டாயிரத்து ஒண்ணாம் வருஷமோ ரெண்டோ. "வெப்சைட் சரியா வந்தா இங்கயே இரும்மா, இல்லன்னா திரும்ப பேக்கிங்தான்"னார். அம்மா அன்னைக்கே தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துடுச்சு.

அவர் கேட்டது ஒண்ணுதான். வெப்சைட்டோட முதல் பக்கத்துல ஒரு ஷூ சுத்தணும். அது சுத்த ஆரம்பிக்கிற அதே நேரம் கீழ கம்பெனி பேரு தெரியணும். ஆனா படம் எப்போ அசைய ஆரம்பிச்சுதுன்னு நான் எழுதுற ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. படம் முழுசா இறங்கிடுச்சுன்னு மட்டும் ப்ரௌசர் அதுக்குச் சொல்லும். அதுக்குள்ள ஷூ பாதி சுத்தியிருக்கும். பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்ட்டேன். கடைசியில குத்துமதிப்பா, பக்கம் திறந்து நாலு செகண்ட் கழிச்சு பேரு வரட்டும்னு எழுதிட்டேன்.

அந்த நாலு செகண்டை நான் அளந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் போய்ட்டா இன்டர்நெட் போட ஆபீஸ் போன் லைன் எனக்குக் கிடைக்கும். ஊர்ல மத்த ஆபீஸும் மூடியிருக்கும், இன்டர்நெட் லைன்ல ஈ காக்கா இருக்காது. படம் சட்டுனு வந்துடும்.

ஷூவுக்கு ஆர்டர் குடுக்கிற வெளிநாட்டு பையர் வந்தது புதன்கிழமை காலையில. ஊரே லைன்ல இருக்கிற நேரம். முதலாளி பின்னால நிக்க, பக்கத்தைத் திறந்தேன். நாலு செகண்ட்ல பேரு வந்துடுச்சு, ஷூ வரல. வெள்ளையா ஒரு காலி இடம், அதுக்குக் கீழ கம்பெனி பேரு. பையர் டீயைக் குடிச்சுட்டு எழுந்து போனப்புறம்தான் ஷூ சுத்துச்சு. வேற ஒரு நாள்ல ஒரு தடவை பார்த்திருக்கலாமே, இன்னா படிப்பு படிச்சேனோ.

முதலாளி திட்டல. "நாளையிலிருந்து கீழ போய்டும்மா"ன்னார்.

இப்போல்லாம் அசைவு தொடங்கினா ப்ரௌசரே ஸ்கிரிப்டுக்குச் சொல்லிடுதாம். சொல்லட்டும், எனக்கென்ன.

அம்மாகிட்ட நான் சொல்லல. தினமும் ஆபீஸுக்குன்னு நல்ல புடவையா எடுத்து வைக்கும். பேக்கிங் வாசல்ல அது மேலயே கம்பெனி கோட்டு ஒண்ணை மாட்டிட்டு உள்ள போவேன். சாயங்காலம், "இன்னைக்கு கம்ப்யூட்டர்ல இன்னா பண்ண"ன்னு கேக்கும். வெக்கமா இருக்கும், ஏதாச்சும் சொல்லி வைப்பேன். ஒரு மாசம் போல இப்படியே போச்சு. ஒருநாள் அம்மா கேக்கல. மறுநாள் காலையில கட்டில்ல புடவைக்குப் பதிலா என் பழைய சுடிதாரைத் துவைச்சு மடிச்சு வெச்சிருந்துச்சு.