கார்த்திகையில் கழற்றிய இன்ஜின்

சீனப் போருக்கு முந்தைய வருஷம். திருச்சியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். குடியிருந்தது ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், ஒரு வீட்டின் பின்கட்டில். அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. எனக்கென்று இருந்தவன் ஒரே ஒருத்தன், கூடப் படித்த நண்பன். பாலக்கரையில் வீடு. இரண்டு பேருக்கும் மோட்டார் பைத்தியம்.

சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரையிடம் ஆளுக்குப் பாதி போட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினோம். மேற்கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம், நல்ல சிவப்பு. தெப்பக்குளத்துப் பக்கம் நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். ஓட்டுவதில் அவன் கெட்டிக்காரன். கழற்றி மாட்டுவதில் நான்தான் கெட்டி என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டினேன். அவனும் கூட உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தான். அடுத்த வாரம் அவன் மட்டும் காரைத் தஞ்சாவூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனான். காட்டூர் தாண்டியதும் இன்ஜின் கடகடவென்று அடித்து, அப்படியே இறுகி நின்றுவிட்டது.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, எனக்கு ஆள் அனுப்பினான். நான் போனபோது காரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் சரியாக இருந்தது. அப்படியானால் விரட்டி ஓட்டியிருப்பார்கள் என்றார் மெக்கானிக். இவன் சொன்னது வேறு. ஆயில் பிரஷர் காட்டுகிற மீட்டர் முள் திடீரென்று கீழே விழுந்துவிட்டது, பார்த்த உடனே அணைத்தேன், அதற்குள் எல்லாம் போய்விட்டது என்றான். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"பொய் சொல்லாதே. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டு, முள்ளு மேல பழி போடறியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

அங்கே நின்றவர்களில் ஒருவர் ஒரு சின்ன பஸ் கம்பெனியின் முதலாளி. தன் பட்டறையைப் பார்த்துக்கொள்ள இவனை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் போன மாதம்தான் வாக்குக் கொடுத்திருந்தார். நண்பன் அவரை ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நான் ஒழுங்காத்தான்டா ஓட்டினேன்" என்றான். அவ்வளவுதான். நடந்து போய்விட்டான்.

அந்த முதலாளி வாக்கைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சொந்த வண்டியையே பாழாக்குகிறவன் கையில் பஸ்களை எப்படி விடுவது என்று யோசித்தாராம். புரட்டாசியில் இவன் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கைத்தொழில் வாத்தியாராகப் போய்விட்டான். காரில் தன் பங்கு வேண்டாம் என்று ஒரு தபால் கார்டு மட்டும் வந்தது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். என் கோபம் அப்போதும் ஆறவில்லை.

அந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேடுங்கள் என்று பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள். நானே சரி செய்கிறேன் பார் என்று ஒரு வீம்பு. காரை மாட்டு வண்டியில் கட்டிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி இழுத்து வந்து, பின்கட்டில் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். கொட்டகை உத்திரத்தில் சங்கிலி போட்டு இன்ஜினைத் தனியாக வெளியே எடுப்பதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. ஒருத்தர் சங்கிலியை இழுக்க, ஒருத்தர் தாங்கிப் பிடிக்க வேண்டிய வேலை அது. இரண்டையும் நானே செய்யப் போய் ஒரு விரல் நசுங்கி நகம் போயிற்று.

கார்த்திகை மாதம், நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு காலை, ஆயில் தொட்டியைக் கழற்றினேன். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் வலை மாதிரி ஒரு சல்லடை இருக்கும். அதில் ஒரு துணி ஒட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்துப் பிழிந்தேன். நீலக் கோடு போட்ட துணி. என் பழைய சட்டையிலிருந்து நானே கிழித்தது.

துடைத்துவிட்டு உள்ளேயே விட்டு மூடியிருக்கிறேன். வேகமாகப் போகும்போது அது சல்லடையை அடைத்துவிட்டது. தொட்டி நிறைய ஆயில் இருந்தும் மேலே ஏறவில்லை. முள் விழுந்தது என்று அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

உடனே அவன் ஊருக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். அந்த முதலாளியிடமாவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் துணியை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். இன்ஜினை ஓடவைத்து, அந்தக் காரிலேயே போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம், அதுதான் மரியாதை என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். மூன்று தடவை கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவையும் கிழித்தேன்.

அதன் பிறகு வேலைதான். ஆபீஸ் விட்டால் கொட்டகை. இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டை அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பேரிங்குகள் மெட்ராஸிலிருந்து வர இரண்டு மாதம். வால்வுகளுக்குத் தேய்ப்புப் பசை தடவி, குச்சியில் பிடித்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தேய்த்து, அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார வைத்தேன். மார்கழி போனது, பொங்கல் போனது. யாரும் வரவில்லை, நானும் யார் வீட்டுக்கும் போகவில்லை. வீட்டுக்காரம்மா ஒரு நாள், "அந்தத் தம்பி இப்பல்லாம் வரதே இல்லையே?" என்று கேட்டார். வெளியூரில் வேலை என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். ஆபீஸில் யாராவது உன் நண்பன்தானே காரைக் கெடுத்தான் என்று கேட்டால் பேசாமல் இருந்துவிடுவேன். அப்படிப் பேசாமல் இருந்ததும் ஒரு பொய்தான்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். இன்ஜின் கிளம்பியது. முதலில் இருமிற்று, புகை கக்கிற்று, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. எட்டு மாத உழைப்பு. "கேளுடா" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். ஒருவரும் இல்லை. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு துறையூர் வழியாக அவன் ஊருக்குப் போனேன். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீட்டில் இருந்தான். சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தான். "வாடா!" என்று தோளில் கை போட்டான். இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டு, நல்லாப் பண்ணியிருக்கேடா என்றான். என் நசுங்கிய விரலைப் பிடித்துப் பார்த்தான். மறுநிமிஷமே காபி போட உள்ளே போய்விட்டான்.

காபி டம்ளரைக் கொண்டுவந்து வைத்ததும் சொல்லிவிட்டேன். துணி, சல்லடை, எல்லாம். அவன் சிரித்தான்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான்டா. நீ தொட்டியை மாட்டினப்புறம் கை துடைக்கத் துணியைக் காணோம்னு தேடினியே. அத்தனை பேர் முன்னாடி அதை எதுக்குச் சொல்லணும்? எப்படியும் நீ கழற்றுவே, பார்த்துட்டு நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

எனக்கு நெஞ்சு லேசானது. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். அப்போது அவன் சாதாரணமாகக் கேட்டான், எப்போது கழற்றினாய் என்று.

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் முடியவில்லை. கார்த்திகையில் என்றேன்.

அவன் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. வாசலில் நின்ற காரைப் பார்த்தான்.

"பொங்கல் கழிச்சுத்தான் பஸ் கம்பெனியில வேற ஆளைப் போட்டாங்க" என்றான். பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "ஆறிடும், சாப்பிடுங்க" என்றான்.

எனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறாயா என்று சாவியை நீட்டினேன். பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது என்றான். வாசல் வரை வந்து, "பார்த்துப் போங்க" என்று வழியனுப்பினான். திரும்பும் வழியெல்லாம் இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பக்கத்து சீட் காலியாக இருந்தது.

மறுநாளே அந்த முதலாளியைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அடடா, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். நண்பனுக்கு இரண்டு மூன்று கடிதம் போட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது, பிறகு அதுவும் நின்றது. காரை அந்த வருஷமே விற்றுவிட்டேன்.

விஷயம் தெரியாமல் நான் கத்தியதை அவன் எப்போதோ மறந்திருப்பான். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதத்துக்குத்தான், இத்தனை வருஷம் கழித்தும், என்னால் யாரிடமும் கேட்டு மன்னிப்பு வாங்க முடியவில்லை.