கப்பு வேண்டாம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஊர்த்தெருக்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். காலனிக்காரர்களான எங்களுக்கு பிளாஸ்டிக் கப்பு. அதற்கு முன்பு எங்களுக்கென்று தனி கிளாஸ் கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாங்களே கழுவி வைக்க வேண்டும். கேஸ் ஆகிவிடும் என்ற பயம் வந்ததும் கடைக்காரர் நாகரிகமாகிவிட்டார். கழுவுகிற வேலைகூட மிச்சம் பார் என்று எங்களிடமே பெருமை பேசுவார்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். தினமும் அந்தக் கடையில் நின்றபடி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஆரப்பாளையம் பஸ் ஏறுவேன். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தினமும் எரிந்தது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ரோடெல்லாம் தண்ணீர் ஓடியும் எங்கள் ஊருணிக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. போய்ப் பார்த்தால், தண்ணீர் வருகிற வரத்துக்கால் டீக்கடைக்குப் பின்னால், ரோட்டுக்கு அடியில் போகும் குழாயில் அடைத்துக் கிடந்தது. நானும் என் மனைவியும் இறங்கிக் கையை விட்டு இழுத்தோம். கப்பு, கப்பு, கப்பு. அத்தனையும் நாங்கள் குடித்துப் போட்டவை. சாக்குச் சாக்காக அள்ளிக் கரையில் போட்டோம்.

"நம்மளத் தள்ளி வைக்கக் குடுத்தத நாமளே அள்ளிக்கிட்டுக் கெடக்கோம். நாளைக்கு இதக் கையில வாங்குனீங்க, வீட்டுப்பக்கம் வராதீங்க" என்றாள் என் மனைவி.

மறுநாள் கடையில், "அண்ணே, கிளாஸ்ல குடுங்க" என்றேன். ஐயா என்று கூப்பிட வேண்டியவரை அண்ணே என்றதிலேயே அவருக்கு முகம் மாறிவிட்டது.

"கப்புதாம்ப்பா சுத்தம்."

"சுத்தம்னா எல்லாருக்கும் அதுலயே குடுக்க வேண்டியதுதான? எங்க வரத்துக்கால் அடைக்குது. கப்பு வேண்டாம்."

ஏன் கிளாஸ் தர முடியாது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் போலீஸ். மென்று முழுங்கினார். பெஞ்சில் இருந்த ஊர்ப் பெரியவர், "ஆபீஸ் உத்தியோகம் பேசச் சொல்லுது" என்றார். ஆமாம், பேசத்தான் சொன்னது. டீ குடிக்காமலே பஸ் ஏறினேன். அந்த வாரத்துக்குள் காலனியில் எல்லோருமே கப்பைத் தொடுவதை விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு காலையில் போனால், கடையில் கிளாஸ்களையே காணோம். பெஞ்சில் இருந்தவர்கள் கையிலும் கப்பு!

"நீ சொன்னபடிதான்யா. எல்லாருக்கும் ஒண்ணு" என்றார் கடைக்காரர்.

எங்கள் வாய் பட்ட கிளாஸைத் தொடுவதைவிட பிளாஸ்டிக்கை உறிஞ்சலாம் என்று ஊரே முடிவு செய்திருந்தது. சிரிப்பு வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. வரத்துக்காலில் குப்பை முன்னைவிடக் கூடிப்போனது. அள்ளியது மட்டும் வழக்கம்போல நாங்கள்தான். இந்த முறை சாக்குகளைக் கரையில் போடவில்லை. காலனி ஆட்களோடு சுமந்துவந்து கடை வாசலில் வரிசையாக அடுக்கினேன்.

"ஒங்க பொருள்ண்ணே. நீங்களே வச்சுக்கங்க."

சாக்குகள் நாறின. கப்பு விரலைச் சுட்டது. கடைசியில் பெரியவருக்கே பொறுக்கவில்லை. "என்ன எழவுடா இது, பிளாஸ்டிக் வாடை கொடலப் பெரட்டுது. கிளாஸ எடுடா!"

கடைக்காரர் உள்ளேயிருந்து கிளாஸ்களை எடுத்து வந்தார்.

"எனக்கும் அதுலயே" என்றேன்.

கடைக்காரர் பெரியவரைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊற்றினார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். போகட்டும்.

நிதானமாகக் குடித்தேன். என் பஸ் வந்து, போய்விட்டது. நான் குடித்தது பெரிய விஷயமில்லை. நான் நகர்ந்ததும் அந்தக் கிளாஸை அவர் தனியாக ஒதுக்கி வைத்துவிடலாம். அங்கேயே நின்றேன்.

"இன்னும் என்னப்பா?"

"கழுவுங்கண்ணே."

கழுவினார். அதற்குள் ஊர்த்தெரு ஆள் ஒருவர் வேகமாக வந்து டீ கேட்டார். கடைக்காரரின் கை வேறு கிளாஸுக்குப் போனது.

"அண்ணே, கழுவுனது இந்தா இருக்கு" என்று காட்டினேன். கை அப்படியே நின்றது.

வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுலயாச்சும் ஊத்துய்யா, பஸ் வந்துரும்" என்றார்.

அந்தக் கிளாஸை அவர் வாயில் வைத்துக் குடிக்கும்வரை நான் நகரவில்லை.