இரண்டு பிக்சல் கீழே

இன்று காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறியதும், கொண்டக்டர் தந்த டிக்கெட்டின் ஓரத்தை அடிமட்டம் போல என் போன் திரையில் வைத்துப் பார்த்தேன். நாங்கள் செய்யும் ஆப்பில் ‘அழைக்க’ என்று ஒரு பட்டன். அதிலுள்ள ரிசீவர் படம் எழுத்தைவிடச் சற்று மேலே நின்றது.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சரியாகத்தான் இருக்கிறது. தமிழை எப்போதும் கடைசியாகத்தானே பார்க்கிறோம்.

பக்கத்தில் இருந்த அக்கா, “என்ன தம்பி, ஸ்கிரீன் வெடிச்சிட்டுதோ?” என்றார்.

“இல்லையக்கா, படமும் எழுத்தும் நேரா நிக்குதோ எண்டு பாக்கிறன்.”

டிக்கெட் ஓரத்தை வைத்துப் பார்ப்பது நிலானியின் பழக்கம். அலுவலகத்தில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள்.

ஸ்கிரீன்ஷொட் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பம்பலப்பிட்டி வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

“ரெண்டு பிக்சல் கீழ இறக்கு. இன்னும் டிக்கெட் வச்சோ பாக்கிறாய்?”

அலுவலகம் போய் படத்தைத் திரையில் இரண்டு புள்ளி கீழே இறக்கினேன். சரியாகிவிட்டது.

இரண்டு பிக்சல் என்பது பஸ்ஸிலேயே எனக்கும் தெரியும்.

நாளைக்கு எந்தப் பட்டனைக் கோணலாக்கி அவளுக்கு அனுப்பலாம், சொல்லுங்கள்.